உடுத்தாத நாலு துணி

"என்ன சார், அம்மா துணி ஒண்ணையும் காணோமே?"

சலவைக்கடைக்காரர் பையைக் கவிழ்த்து எண்ணிக்கொண்டே கேட்டார். ஐந்து சட்டை, இரண்டு கால்சட்டை. எல்லாம் அவனுடையவை.

சாதாரணக் கேள்வி. பதிலும் சின்னதுதான். காய்ச்சல் என்று மனைவி ஆஸ்பத்திரிக்குப் போனாள், பத்தாம் நாள் செத்துப்போனாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"ஊருக்குப் போயிருக்காங்க" என்று வந்தது.

"ஓ" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார் அவர்.

இந்த நகரத்துக்குக் குடிவந்த அன்று அவள் ஒரு தாளில் நடுவே கோடு போட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். இடது பக்கம் நல்லது, வலது பக்கம் கெட்டது. எது நீளமோ அதன்படி இருப்பதா போவதா என்று முடிவு. நல்லதில் முதல் வரி: 'ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.' சொந்த ஊரில் பால் வாங்கப் போனாலும் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்தவள் அவள். கெட்டதில் முதல் வரி: 'கொடியில வெயில் விழாது. துணி நாறுது.' ஒரு வாரம் கழித்து நல்லதில் சேர்த்தாள்: 'கீழேயே சலவைக்கடை.'

கடைக்காரருக்குக் கசங்கல் என்று பெயர் வைத்ததும் அவள்தான். ஊருக்கெல்லாம் மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுப்பவர், தான் மட்டும் மாட்டின் வாயிலிருந்து பிடுங்கிய மாதிரி ஒரு சட்டை போட்டிருப்பார்.

அடுத்த வாரம் கசங்கல் கேட்டார். "அம்மா எப்ப சார் வராங்க?"

"வந்துட்டாங்க" என்றான்.

ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. கேள்வியை முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பான். முடியவில்லை. வந்தவள் துணி உடுத்துவாள். உடுத்தினால் அழுக்காகும். அழுக்கானால் சலவைக்கு வர வேண்டும்.

வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தான். அவள் துணிகள் கசங்கலின் மடிப்பிலேயே அடுக்கியிருந்தன. மேலேயிருந்து நான்கை எடுத்துப் பைக்குள் திணித்து, பையின் மேல் ஏறி உட்கார்ந்தான். இருந்த இடத்திலிருந்து செய்தித்தாளையும் படித்து முடித்தான். போதுமான அளவு கசங்கியிருந்தன.

கசங்கல் அந்த நான்கையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு அம்மாவைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. தலை தப்பியது என்று நினைத்துக்கொண்டான்.

வாரா வாரம் அதே நான்கு துணி போனது, வந்தது. பை மேல் உட்காருவது ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

அவளுடைய ஒரு துணி மட்டும் சலவைக்குப் போகவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் கழற்றிப் போட்டுவிட்டுப் போன மஞ்சள் சட்டை. அது அவன் தலையணை உறைக்குள் இருந்தது. கழுத்துப் பட்டியில் இன்னும் அவள் வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது. தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் முகர்வான்.

தேய்த்த துணியை நண்பகலில் கொண்டுவந்து கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவது கசங்கலின் வழக்கம். உறை கண்ணாடி மாதிரி இருக்கும். எதிர்வீட்டு அம்மாவை அவன் இரண்டு வருஷத்தில் முழுசாகப் பார்த்ததில்லை. கதவு ஓட்டையில் ஒரு கண்ணாகத்தான் பழக்கம். அந்தக் கண் உறைக்குள் இருந்த பெண்பிள்ளைத் துணியைப் பார்த்தது. ஐந்து வாரம் பார்த்தது. பிறகு தொலைபேசியை எடுத்தது.

காரியத்துக்கு வந்திருந்தபோது அக்கா அந்த அம்மாவிடம் தன் எண்ணைக் கொடுத்து, "தம்பி தனியா இருக்கான், ஏதாவதுன்னா ஒரு போன் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

சனிக்கிழமை காலை அக்கா பெட்டியோடு வாசலில் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே குளியலறைக்குப் போய்ப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில். பிறகு பால்கனிக் கதவுக்குப் பின்னால்.

"எங்கடா அவ?"

"எவ?"

"மூணு மாசம்கூட முழுசா முடியல. மண்ணு காயல. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, வயசு அப்படி. ஆனா ஒரு வருஷமாவது பொறுக்கக் கூடாதா?"

"அக்கா, யாரும் இல்ல."

"அப்புறம் வாராவாரம் யார் துணிடா சலவைக்குப் போகுது?"

"அவ துணிதான்."

"செத்தவ துணி எப்படிடா அழுக்காகும்?"

"ஆகாது. நான்தான் அது மேல உட்காருவேன்."

அக்கா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "எதுக்கு?"

"சலவைக்கடைக்காரருக்காக."

கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். வீட்டில் இன்னொருத்தி இருந்திருந்தால் தேவலை என்று நினைத்தாளோ என்னவோ. குளிர்பெட்டிக் கதவில் இருந்த தாள் கண்ணில் பட்டது. முதல் வரியைப் படித்தாள்.

"ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம்! எதிர்வீட்டுக்காரி கண்ணு அந்த ஓட்டையிலேயே முளைச்சிருக்கு."

பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ ஆபீசுக்குக் கிளம்பு. வீடா இது? நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

அதுதான் வினை. அவனும் போனான்.

சாயங்காலம் வந்தபோது வீடு பளிச்சென்றிருந்தது. புது விரிப்பு. புதுத் தலையணை உறை.

"அக்கா. பழைய உறை எங்க?"

"குடலைப் புடுங்கற நாத்தம். உள்ள ஒரு பழைய சட்டையை வேற திணிச்சு வெச்சிருக்கே. எல்லாத்தையும் மூட்டை கட்டிக் காலையிலேயே கீழே சலவைக்குப் போட்டுட்டேன். இன்னிக்கே வேணும்னு சொல்லிட்டு வந்தேன்."

காலில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடினான். மின்தூக்கி மேலே எங்கேயோ நின்று யாருக்கோ காத்திருந்தது. ஒன்பது மாடியையும் படிவழியே இறங்கினான். தெருவுக்கு வந்த பிறகுதான் ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் அக்காவின் செருப்பும் இருப்பது தெரிந்தது. நகரம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கடையில் கசங்கலைக் காணோம். இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் வட்டக் கண்ணாடிக்குள் நுரைக்கு நடுவே மஞ்சள் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினான். கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. பொத்தான்களை எல்லாம் அமுக்கினான். இயந்திரம் இன்னும் வேகமாகச் சுற்றியது. தரையில் மண்டியிட்டு இரண்டு கையையும் கண்ணாடியில் பதித்துக்கொண்டு, "போச்சு, போச்சு" என்று அழ ஆரம்பித்தான். ஆஸ்பத்திரியில்கூட அவன் அழவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எழுந்து வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தம்பி, அது எங்க வீட்டு ஜன்னல் திரைங்க."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"பழசுதாங்க. போனாப் போகட்டும், நீங்க அழாதீங்க" என்றாள்.

உள்ளேயிருந்து கசங்கல் வந்தார். அவனையும் அந்த ஜோடி சேராத செருப்பையும் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு உறையை எடுத்து வைத்தார். வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே மஞ்சள் சட்டை, அவன் தலையணைக்குள் சுருட்டி வைத்திருந்த அதே சுருட்டலோடு.

"இதை நீங்க..."

"தண்ணியில போடல சார்."

அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அம்மா வந்துட்டாங்கன்னு சொன்னேனே. அது பொய்."

"தெரியும் சார். உடுத்தின துணிக்கும் உட்கார்ந்த துணிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? அந்த நாலும் நான் மடிச்ச மடிப்போடயே திரும்பி வந்துச்சு. இது ஒண்ணுதான் நிஜமா உடுத்தினது. உடுத்தி மூணு மாசம் இருக்கும்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

கசங்கல் தன் கசங்கிய சட்டையை ஒரு முறை நீவிவிட்டுக்கொண்டார்.

"என் வீட்டுக்காரி போன அன்னிக்கு, தொழில் புத்தி பாருங்க சார், அவ துணி எல்லாத்தையும் நானே துவைச்சுட்டேன்."