‘நாங்க’ என்று சொன்னதற்கு ஆதாரம்

மல்லிகை நகர் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன். திண்டுக்கல்லில் இதைவிடப் பெரிய பதவிகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் அந்தப் பதவிகளுக்கு என்னைத் தெரியாது.

என் பெயர் கிதர் முகம்மது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெல்ட், பர்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரார் இடுப்பையெல்லாம் இறுக்கிக் கட்டுகிறவன், வீட்டில் யாருக்கும் பிடி கொடுக்காதவன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. காரணம், நான் போட்டு வைத்திருந்த சட்டம். என் வீட்டில் ஆதாரம் இல்லாமல் எதுவும் செல்லாது.

“ஏங்க, முதுகு வலிக்குது” என்பாள் என் மனைவி ஜீனத்.

“ஆதாரம்?”

“முதுகுதாங்க ஆதாரம்.”

“அது நீ சொல்றது. ஸ்கேன் இருக்கா?”

“எடுக்கக் கூட்டிட்டுப் போங்க.”

“வலி இருக்குன்னு ஆதாரம் இருந்தாத்தானே கூட்டிட்டுப் போக?”

இப்படி ஒரு சட்டத்தை எந்தக் கோர்ட்டிலும் பார்க்க முடியாது. நல்லவேளை, கோர்ட்டுகள் பிழைத்தன.

எங்கள் காலனியில் வீட்டுக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்குத் தெருமுனையில் சங்கத்தின் தொட்டி ஒன்று. தொட்டிக்கு ஒரே குழாய், குழாய்க்கு ஒரு வால்வு, வால்வுக்கு ஒரு பூட்டு. ஊர் எதற்குப் பேர் பெற்றதோ அதைத் தண்ணீருக்கும் போட்டுவிட்டோம். சாவி, எட்டு வருடமாகச் செயலாளராக இருக்கும் மலைச்சாமியின் இடுப்பில். நாலைந்து நாளைக்கு ஒருமுறை காலை ஐந்து மணிக்கு வந்து திறப்பார். நாங்கள் குடியிருப்பது மாடியில். ஏறுவதற்கு இருபத்தோரு படி.

“ஒரு நாளாச்சும் வந்து ரெண்டு குடம் தூக்குங்களேன். அம்புட்டையும் நானே தூக்குறேன்” என்றாள் ஜீனத் ஒருநாள்.

“அம்புட்டுன்னா எம்புட்டு? ஆதாரம் இருக்கா?”

அன்றோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று புரண்டு படுத்தேன். அடுத்த மூன்று வருடமும் அதே நினைப்பில்தான் படுத்திருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் தேர்தல் வந்தது. மலைச்சாமியைத் தோற்கடிக்க வேண்டுமென்றால் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். பேசத் தெரிய வேண்டுமே? ஒரு டியூஷன் சென்டர் மாடியில் தண்டாயுதபாணி சார் ஞாயிற்றுக்கிழமை தோறும் மேடைப் பேச்சு வகுப்பு எடுத்தார். போய்ச் சேர்ந்தேன்.

“பாய், ‘தண்ணிக் கஷ்டம்’னு சொன்னா எவன் கேப்பான்? கொட்டாவி விடுவான். எத்தன நாளு, எத்தன குடம், அதச் சொல்லுங்க. வெறும் நம்பரும் மண்டையில ஏறாது. அவங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணோட சேத்துச் சொல்லுங்க. அப்புறம் ஒரு சாட்சி வேணும். கஷ்டப்பட்ட ஆள எல்லாரும் பாக்குற மாதிரி நிறுத்துங்க.”

“அப்புறம் சார்?”

“அப்புறம்தான் முக்கியம். வாய மூடுங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. ஆதாரம் பேசட்டும்.”

அந்தப் பத்துதான் என் குடியைக் கெடுத்தது.

எண்ணிக்கைக்கு எங்கே போவது? காபியைக் குடித்துக்கொண்டே ஜீனத்திடம் கேட்டேன்.

“ஏம்மா, தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருது? ஞாபகம் இருக்கா?”

“ஞாபகம் எதுக்கு? எழுதி வச்சிருக்கேன்.”

பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு சுருளை எடுத்து வந்தாள். மூன்று வருடத்து மாதக் காலண்டர்கள். தண்ணீர் வந்த தேதிகளில் எல்லாம் சிவப்பு மையில் குடத்தின் எண்ணிக்கை இருந்தது. எட்டு, ஒன்பது, பத்து. காய்ச்சல் என்று எழுதிய நாளிலும் ஒன்பது. நோன்பு நாளிலும் ஒன்பது. நான் ஆதாரம் கேட்ட மறுநாளிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறாள்.

வெட்கப்பட வேண்டிய இடம். நானோ துள்ளிக் குதித்தேன்.

“அடேயப்பா! இத வச்சே மலைச்சாமியச் சாச்சுப்புடலாம். அது சரி, தேதியச் சுத்தி நீல வட்டம் போட்டிருக்கியே, அது என்ன?”

“அது எனக்குத் தேவப்பட்டுச்சு. ஒங்க பேச்சுக்கு வேணாம்.”

வேண்டாம் என்றால் விட்டுவிடுவதில் எனக்கு இணை கிடையாது. கால்குலேட்டரை எடுத்துக் கூட்டிப் பெருக்கி முடித்தேன். அப்புறம் அவளுக்கு ஒத்திகை.

“நீ முன்வரிசையில உக்காரு. நான் கையக் காட்டுனதும் எந்திரிச்சு நில்லு. பேச வேணாம். தலைய மட்டும் ஆட்டு. சரியா?”

“சரிங்க.”

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் விழிப்பது என் வழக்கமில்லை என்பது அந்தக் காலண்டருக்கே தெரியும்.

ஞாயிறு மாலை, தொட்டிக்குப் பக்கத்திலேயே கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பது பேர். மலைச்சாமி எழுந்து, “என்னால முடிஞ்சதச் செஞ்சேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஆதாரமே இல்லாத பேச்சு. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

காலண்டர்களைக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு ஆரம்பித்தேன்.

“மூணு வருசம்! இருநூத்திப் பன்னெண்டு நாளு! ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி எட்டு குடம்! குடத்துக்கு இருபத்தோரு படி. மொத்தம் நாப்பதாயிரம் படி! பழனி மலைய அம்பது தடவைக்கு மேல ஏறியிருக்கோம் நாங்க. தோள்ல காவடியோட இல்ல, இடுப்புல குடத்தோட!”

கைதட்டல் தொட்டியில் மோதித் திரும்பியது. எதிர்வீட்டு ஜோதிமணி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மலைச்சாமி தரையைப் பார்த்தார். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கையை முன்வரிசைப் பக்கம் நீட்டினேன்.

“இதுக்குச் சாட்சி, என் மனைவி!”

ஜீனத் எழுந்தாள். தலையை ஆட்டினாள். நான் வாயை மூடினேன். ஒன்று. இரண்டு. மூன்று. என்ன ஒரு அமைதி! நான்கு. ஐந்து. ஆறு.

ஏழில் ஜீனத் பேசினாள்.

“இவுக சொன்ன நம்பரு அம்புட்டும் சரி. நான் எழுதுனதுதான். ‘நாங்க’ன்னு சொன்னாகல்ல, அதுக்கு மட்டும் ஆதாரம் கேட்டுக்கிறேன்.”

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் எட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

“நீல வட்டம் என்னன்னு கேட்டாக. தண்ணி வந்த அன்னிக்கி இவுக வீட்டுலதான் இருந்தாக, கட்டில்ல இருந்தாகன்னு அர்த்தம். வட்டம் இல்லாத நாளு மொத்தமே பதினொண்ணுதான். அன்னிக்கெல்லாம் சரக்கெடுக்க ஆம்பூர் போயிருந்தாக.”

“ஏந்தம்பி, அந்தப் பதினோரு நாளும் ஆம்பூர்ல தண்ணி தூக்குனீகளோ?” என்றார் ஜோதிமணி அக்கா. கண்ணைத் துடைத்த அதே முந்தானையால் இப்போது வாயைப் பொத்திக்கொண்டார்.

நாற்பது பேரும் சிரித்தார்கள். நான் மைக்கை விட்டுத் தள்ளி வந்து பல்லைக் கடித்தேன்.

“ஜீனத், இது வீட்டு விசயம். வீட்டுல போயிப் பேசிக்கிரலாம்.”

“வீட்டுல பேசுனா ஆதாரம் கேக்குறீக. ஆதாரத்த இங்க கொண்டாந்தது நீங்கதானே?”

கழற்றிய மூக்குக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

இதோடு அவள் உட்கார்ந்திருந்தால் நான் தோற்றுப்போய் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். அவள் உட்காரவில்லை.

“எல்லாரும் இவுகளுக்கே ஓட்டுப் போடுங்க. தண்ணிக் கஷ்டத்த இம்புட்டுத் தெளிவா எடுத்துச் சொல்ல வேற ஆளு யாரு இருக்கா? ஒரே ஒரு கண்டிசன். செயலாளரா வாரவரு அஞ்சு மணிக்கு வந்து வால்வத் தெறக்கணும். தெறந்துட்டு, அவுக வீட்டுத் தண்ணிய அவுகளே தூக்கணும்.”

முதலில் கை தூக்கியவர் மலைச்சாமி. இரண்டு கையையும் தூக்கினார். பெண்கள் பக்கம் ஒரு கைகூடக் கீழே இல்லை. ஆண்கள், தங்கள் வீட்டுப் பெண்களைப் பார்த்துவிட்டு, அவசர அவசரமாகத் தூக்கினார்கள். மல்லிகை நகர் வரலாற்றில் முதல் ஏகமனதான தேர்வு. மலைச்சாமி சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

“எட்டு வருசமா விடிஞ்சு தூங்குனதே இல்ல, பாய். நல்லா இருங்க.”

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

“ஏன் இப்படிப் பண்ணுன?”

“முதுகு வலிக்குதுன்னு நான் சொன்னா நம்ப மாட்டீக. ஒங்க முதுகு சொன்னா நம்புவீக.”

புதன்கிழமை தண்ணீர் முறை வந்தது. முதல் குடத்தில் நான் செயலாளர். இரண்டாவதில் கூலியாள். மூன்றாவது குடத்தோடு பதினாலாவது படியில் கால் வைத்தபோது, முதுகில் ஏதோ ஒன்று பட்டென்று தெறித்தது. மீதிக் குடங்களையும் தவழாத குறையாகக் கொண்டு சேர்த்தேன். சமையலறையில் ஜீனத் நிதானமாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்தில் அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் எதையுமே பார்த்ததில்லை.

“ஜீனத், முதுகு புடிச்சுக்கிருச்சு.”

என் சட்டம் எனக்கே திரும்பி வரப்போகிறது என்று காத்து நின்றேன். அவள் ஆதாரம் கேட்கவில்லை. தைலத்தை எடுத்து வந்து, திரும்பி நிற்கச் சொல்லித் தேய்த்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவள் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் அந்தப் பக்கம் போனதும் காலண்டர் முன்னால் போய் நின்றேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். மனிதனுக்குக் கொஞ்சமாவது மரியாதை வேண்டாமா? அன்றைய தேதியில் பெரிதாக எழுதினேன்: ‘5 குடம். கிதர் முகம்மது, செயலாளர்.’

மாலையில் கடையிலிருந்து வந்து பார்த்தேன். ஐந்து அடிக்கப்பட்டிருந்தது. கீழே ஜீனத்தின் கையெழுத்து: ‘நாலு. ஒண்ணு படியில கொட்டிருச்சு. சாட்சி: ஜோதிமணி அக்கா.’