கறுப்பு ஜன்னலுக்குள் மாட்டிக்கொண்ட மாமனார்

அன்பு மாப்பிள்ளை தீபனுக்கு,

திருவொற்றியூர் குப்பத்திலிருந்து மாமனார் செல்வம் எழுதுவது. நீங்களும் நர்மதாவும் தோஹாவில் இறங்கியதும் முதல் வேலையாக இந்த மெயிலைப் படிக்கவும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டியது முறை. மகன் வெற்றி கரைக்கு வந்தால்தான் அப்படி எழுத மனசு வரும்.

உங்கள் மச்சான் படகுப் புள்ளி காலையிலிருந்து போன் வரைபடத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது, ஒயர்லெஸ்ஸிலும் பதிலில்லை, அதனால்தான் விமானம் ஏறப்போன உங்களைக் கூப்பிட்டேன். படகுகளைப் போனில் காட்ட மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டரில் நீங்கள் போட்டுக்கொடுத்த புரோகிராம், கம்ப்யூட்டருக்குள்ளேயே கண்டெய்னர் என்ற ஏதோ பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலை அதோடு இணைத்தால் எந்தப் படகின் இடம்காட்டும் கருவி கடைசியாக என்ன சொன்னதென்று தெரியும் என்றீர்கள். சொன்ன வரியை அடித்தேன். கறுப்பு ஜன்னலில் வரிவரியாக ஓடுகிறது, வெற்றி படகைத் தவிர எல்லாப் படகும் பேசுகிறது. "கன்ட்ரோலையும் சி-யையும் மட்டும் சேர்த்து அழுத்திடாதீங்க மாமா, புரோகிராமே நின்னுடும்" என்றீர்கள். பின்னே எதை அழுத்தி வெளியே வருவது என்று கேட்பதற்குள் போனை அணைத்துவிட்டீர்கள்.

அப்போதிலிருந்து காவல் காக்கிறேன். கடலுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் போனில் அவரவர் படகுப் புள்ளியைப் பார்த்துத்தான் உலை வைக்கிறார்கள். புள்ளி மறைந்தால் என்னைத்தான் உலையில் போடுவார்கள். பக்கத்து வீட்டு சௌமியா வந்து, "இந்த வரிய காப்பி பண்ணி குரூப்ல போடலாம் மாமா" என்று அதே ரெண்டு விசைக்கு விரலை நீட்டிவிட்டாள், காப்பிக்கும் அதே ரெண்டுதானாம். நான் போட்ட கத்தலில் ஐஸ் வண்டிக்காரர் ஓடி வந்துவிட்டார். உங்கள் அத்தை முத்தம்மா வேறு, "இன்னாய்யா, பொட்டிய கட்டிக்கினு உக்காந்துகினு கீற? சோறு துன்ன வேணாமா?" என்றாள். நகர பயமாயிருக்கு, ஊட்டிவிடு என்றேன். அழுதுகொண்டே ஊட்டினாள். ஒரே ஆம்பள புள்ள மாப்ள, பயமா கீது.

கடலம்மா உங்கள் இருவரையும் நல்லபடி வைத்திருக்கட்டும். வெளியே வரும் வழியை உடனே எழுதவும்.

உங்கள் மாமா,
செல்வம்

பி.கு.: வெற்றி வந்துவிட்டான்! கூடை கூடையாக வஞ்சிரம். கட்டிப்பிடித்து அழுதேன், அப்புறம் முதுகில் ஒன்று வைத்தேன். "மீனு வுழற எடத்த ஊருக்கே படம் போட்டு காட்டுவாங்களா நைனா? அதான் கருவியோட ஏரியல் ஒயர புடுங்கிட்டேன், ஒயர்லெஸ்ஸயும் அணைச்சிட்டேன்" என்கிறான். கரையில் திரும்பச் சொருகியிருக்கிறான். அது உள்ளுக்குள்ளேயே சேர்த்து வைத்திருந்த இடத்தையெல்லாம் கறுப்பு ஜன்னலில் கொட்ட ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வஞ்சிரம் கிடைத்த இடம் ஊர் போனிலெல்லாம் ஏறிவிடும். மற்ற படகுகளும் கரை சேர்ந்தாச்சு. நான் எதையும் யோசிக்கவில்லை, கன்ட்ரோலையும் சி-யையும் ரெண்டு கையாலும் சேர்த்து அமுக்கிவிட்டேன். சங்கத்தில் யாராவது கூப்பிட்டால் ஏதோ கோளாறு என்று சொல்லிவையுங்கள். சரிசெய்ய அவசரமில்லை, வஞ்சிரம் சீசன் முடியட்டும்.