சாரிக்கு வேர் தேடிய பஞ்சாயத்து

ஒரு காட்டில், சுற்றுலா ஜீப் போகிற தடத்துக்குப் பக்கத்தில், ஆள்காட்டிக் குருவி ஒன்று வெட்டவெளியில் முட்டையிட்டிருந்தது. அதன் இனத்தில் யாரும் மரத்தில் கூடு கட்டுவதில்லை. கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையும் ஒரு கல்லைப் போலக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் பாதுகாப்பு. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் காட்டெருமையின் சாக்கும்.

தண்ணீருக்குப் போகும்போது காட்டெருமை ஒரு முட்டையை மிதித்தது. "சாரிம்மா" என்றது. மறுநாள் இன்னொன்று. மறுபடியும் சாரி. அதற்கடுத்த நாளும் அப்படியே.

குருவி பஞ்சாயத்தைக் கூட்டியது. "மிச்சம் ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்கு. அது பொரியுறவரைக்கும் அண்ணன் கொஞ்சம் தள்ளிப் போனாப் போதும். வேற எதுவும் கேக்கல."

கோரிக்கை நியாயமாக இருந்ததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நான்தான் சாரி சொல்லிட்டேனே!" என்றது காட்டெருமை.

"சாரின்னா இனிமே செய்யமாட்டேன்னு அர்த்தம்" என்றது குருவி.

"யார் சொன்னா? பழம் தர முடியாதுங்கிறதுக்குத்தான் நான் சாரி சொல்றேன்" என்றது குரங்கு. காட்டுப்பன்றிக்கு, காதில் சரியாக விழாவிட்டால் சாரி. முயலுக்கு எழவு வீட்டில் சொல்ல வேறு வார்த்தையே தெரியாது. குளத்து வரிசையில் முந்துகிற நரி, சாரி சொல்லிக்கொண்டேதான் இடிக்கும்.

கடைசியில் உடும்பை அழைத்தார்கள். விருந்தினர் பங்களாக் கூரையில் நெடுநாள் குடியிருந்ததால், காட்டில் அதற்கு மட்டும்தான் இங்கிலீஷ் தெரியும். முட்டைதான் அதற்குப் பிடித்த சாப்பாடு என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அறிஞர்களிடம் அதையெல்லாம் பார்க்கக் கூடாதாம்.

"சொல்லோட வேரைப் பாக்கணும்" என்றது உடும்பு. "ஆதியில அதுக்கு, வலியோட இருக்கிறவன்னுதான் பொருள். மன்னிப்பெல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. சரி, இங்க யாருக்கு வலிக்குது?"

காட்டெருமை தன் குளம்பைத் தூக்கிப் பார்த்தது. "எனக்கு ஒண்ணும் வலிக்கலீங்க."

"எனக்குத்தான்" என்று குருவி விம்மியது.

"அப்போ நீதான் சாரி சொல்லணும்."

சபை ஆரவாரித்தது. குருவி மிச்சமிருந்த முட்டையை நினைத்து, "சாரி அண்ணே" என்றது. காட்டெருமை நெகிழ்ந்துபோய், "பரவால்லம்மா, மனசுல வச்சுக்காத" என்றது. அதன் பெருந்தன்மையைப் பற்றியே காடு முழுக்கப் பேச்சு.

மறுநாள் விடியலில் காட்டெருமை அதே வழியில் வந்தது. குருவி எதிரே ஓடிப்போய், அது மிதிப்பதற்கு முன்பே "சாரி அண்ணே" என்றது. மன்னிக்கிற சுகத்தைக் கண்டுவிட்ட காட்டெருமை நின்று, தலையாட்டி, "பரவால்ல, பரவால்ல" என்று சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்டவளை இடிக்க மனமில்லாமல் சுற்றிக்கொண்டு போனது. பிறகு தினமும் இதே கதைதான்.

முட்டை பொரிந்தது. ஈரம் காயாத குஞ்சு தலையை நீட்டி, காட்டெருமையைப் பார்த்து, வாயைத் திறந்ததும் "சாரி" என்றது.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் புள்ள பொழச்சுக்கும்" என்றது.

நீதி: மிதிபட்ட பிறகு நியாயம் கேட்பவர் விவரம் தெரியாதவர், மிதிபடும் முன்பே மன்னிப்புக் கேட்பவர் குடும்பஸ்தர்.