மேற்குப் பிரிவுக்குப் போன எதிரி

பட்டியலை மூன்றாவது தடவையும் மேலிருந்து கீழாக வாசித்துவிட்டார் இராசலிங்கம். பனைமுனைக் கல்லூரியைக் காணவில்லை.

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பயணப்பெட்டிகள் ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. தேநீர் இடைவேளையில் கைத்தொலைபேசியைத் திறந்தால் இந்த அநியாயம். ஜேர்மனியிலுள்ள பழைய மாணவர் கிரிக்கெட் கழகங்களையெல்லாம் ஒன்றியம் புதிதாகப் பிரித்திருந்தது. அவருடைய நாவலடி இந்துக் கல்லூரி தெற்குப் பிரிவில் இருந்தது. இருபத்தேழு வருடமாக ஜூலை முதலாம் சனிக்கிழமை நாவலடியோடு மோதி வந்த பனைமுனையை மட்டும் தூக்கி மேற்குப் பிரிவில் போட்டிருந்தார்கள்.

உடனே ஒன்றியச் செயலாளர் துவாரகனுக்கு அழைத்தார்.

"தம்பி, பட்டியல்ல பிழை இருக்கு."

"பிழை இல்லை அண்ணை. பனைமுனைப் பெடியள் எல்லாம் வுப்பெற்றால், டோர்ட்முண்ட் பக்கம். மேற்கில ஒல்லாந்துக் கழகங்களும் சேருது. நேரலை எல்லாம் போகப்போகுது."

"அப்ப எங்கட மட்ச்?"

"ஸ்ருட்காட்டோட விளையாடுங்கோவன்."

"ஸ்ருட்காட்டோட எனக்கு என்ன கோவம்?" என்றார் இராசலிங்கம்.

துவாரகனுக்கு அது விளங்கவில்லை. அவன் பிறந்ததே இங்கேதான்.

இராசலிங்கத்துக்குப் பனைமுனையில் ஓர் எதிரி இருந்தார். பெயர் குணரத்தினம்; பனைமுனைக்கு ஓட்டக் கணக்கு எழுதுபவர். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தோராம் ஆண்டு ஊரில் இரண்டு கல்லூரிகளுக்கும் நடந்த மட்சில், கடைசிப் பந்தில், இராசலிங்கம் ரன் அவுட் ஆனார். அவுட் இல்லை என்பது அவருடைய கட்சி. அவுட்தான் என்பது குணரத்தினத்தின் கட்சி. ஒவ்வொரு ஜூலையிலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் மைதானத்து வாங்கில் உட்கார்ந்து இதைக் கதைப்பார்கள்.

"நான் கண்ணால கண்டனான். பூவரச மரத்துக்குக் கீழதான் நிண்டனான்," என்பார் குணரத்தினம்.

"எங்கட மைதானத்தில ஏதையா பூவரசு?"

"பிறகு தறிச்சிருப்பாங்கள்."

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குப் பேச்சில்லை. இருவரும் இலக்கம் கூட வாங்கிக்கொண்டதில்லை. எதிரிக்கு எவன் தொலைபேசி எடுப்பான்?

மற்ற நாட்களில் இராசலிங்கத்தோடு நின்று கதைக்க ஆளில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க மூன்று மாதத்துக்கென்று கனடாவுக்குப் போன மனைவி, நாலாவது குளிர்காலத்தையும் அங்கேயே கழித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து, "சாப்பிட்டியளே?" என்பாள். "ஓம்" என்பார். அதற்குள் அங்கே குழந்தை அழும். வீட்டில் வானொலி ஜேர்மன் மொழியில் போக்குவரத்து நெரிசல் சொல்லிக்கொண்டிருக்கும். காரே இல்லாத மனிதர் அதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பார்.

"எழுத்தில அன்ட்ராக் போடுங்கோ அண்ணை, கமிற்றியில வைக்கிறன்," என்றிருந்தான் துவாரகன்.

மூன்று பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதினார். பாரம்பரியம் என்ற சொல் பதினாலு இடத்தில் வந்தது. முடிவில் கொஞ்சம் காரம் வேண்டுமென்று, "பனைமுனை இல்லாத தெற்குப் பிரிவில் நாவலடி ஒரு நாளும் இராது" என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

பத்து நாளில் பதில் வந்தது. அவருடைய கோரிக்கை ஏற்கப்பட்டிருந்தது. நாவலடி தெற்குப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டு வடக்குப் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தது. ஹம்பேர்க்கோடும் பேர்லினோடும்.

"தம்பி, நான் மேற்கையெல்லோ கேட்டனான்!"

"அப்பிடி ஒரு இடத்திலயும் எழுதேல்லையே அண்ணை. தெற்கில இராது எண்டுதான் கிடக்கு. அடிக்கோடும் கிடக்கு."

"சரி, இப்ப கேக்கிறன். மேற்குக்கு மாத்தும்."

"மேற்குக்கு வாறதெண்டால் விளையாடுற எல்லாரும் அந்தக் கல்லூரிக்காரர் எண்டு காட்டவேணும். புதுச் சட்டம்."

நாவலடிக் கழகத்தில் நாவலடியில் படித்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் லண்டனுக்குப் போனார்கள், கனடாவுக்குப் போனார்கள், முழங்கால் நோவென்று வீட்டில் இருந்தார்கள். ஆறு வருடமாக அவர் பெட்டி ஏற்றுகிற இடத்துப் பெடியன்களை வைத்துத்தான் சமாளித்துவந்தார். ஆப்கானிஸ்தான் நஸீர் கழகப் பதிவில் நல்லநாதன். பஞ்சாப் பல்விந்தர் பாலேந்திரன். சனிக்கிழமை அவர்களுக்கும் போக்கிடம் இல்லை; கூப்பிட்டால் வருவார்கள்.

"எல்லாரும் அசல் நாவலடிதான்," என்றார்.

"அப்ப நல்லது அண்ணை. அடுத்த மாதம் வீடியோவில சந்திக்க ஒரு ரெர்மின் வைப்பம். கமிற்றிக்கு முன்னால கல்லூரிக் கீதத்தைப் பாடிக் காட்டுங்கோ. அது காணும்."

அன்றிலிருந்து ஓய்வறையில் பாட்டுப் பழக்கம் தொடங்கியது. பத்துப் பேரும் தங்கள் தங்கள் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடினார்கள். நஸீருக்கு நல்ல குரல். ஆனால், "நாவலடித் தாயே வாழி" என்ற முதல் வரி அவன் வாயில், "நாவலடி நாயே வாழி" என்றுதான் வந்தது.

"தாயே, நஸீர். தாயே. அம்மா!"

"நாயே என்றால் என்ன, ராசா?" என்று ஜேர்மனில் கேட்டான் நஸீர்.

விளக்கினார். பத்துப் பேரும் பெட்டிகளில் சாய்ந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு சிரித்ததால் விலா நொந்தது. தாயைச் சரிப்படுத்த மூன்று கிழமை எடுத்தது.

வீடியோ நாளில் எல்லோரும் கழுத்துப்பட்டி கட்டி வரிசையில் நின்றார்கள். நஸீர் தாயைத் தவறாமல் பாடினான். பதற்றத்தில், "நாயே" என்று பாடியது இராசலிங்கம்தான். கமிற்றியில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. பாட்டு முடிய, துவாரகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அண்ணை, இப்பிடி ஒரு ஒற்றுமையை நாங்கள் எங்கயும் காணேல்லை. உங்களைக் கூட்டத்தோட கூட்டமா மேற்கில விட ஏலாது. வடக்குப் பிரிவின்ர தொடக்க ஆட்டமே உங்கடதான். நேரலை! கீதமும் பாடுறியள்!"

"எப்ப?"

"ஜூலை முதலாம் சனி. ஹம்பேர்க்கில."

பனைமுனையோடு, அந்தச் சனிக்கிழமையும் கையைவிட்டுப் போயிற்று.

இரண்டு நாள் யோசித்தார். இனி உண்மையைச் சொல்வது ஒன்றுதான் வழி. கழகத்தைக் கலைத்துவிடுவார்கள், கலைக்கட்டும். சனிக்கிழமையாவது கைக்கு மிஞ்சும். தொலைபேசியை எடுத்து, நஸீர் நல்லநாதனானதிலிருந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"கமிற்றியைக் கேட்டுச் சொல்லுறன்," என்றான் துவாரகன். மறுநாள் அழைத்தான்.

"அண்ணை, கமிற்றி முடிவெடுத்திட்டுது. நேரலைக்கு விளம்பரம் எல்லாம் போட்டாச்சு, கழகத்தை இனி நிப்பாட்ட ஏலாது. அந்தப் பெடியள் பாவம், நல்லாப் பாடினவங்கள். அவங்கள் விளையாடட்டும். ஆனா பொய்ப் பெயர் குடுத்தது நீங்கள்."

"அதால?"

"அதால உங்களை மட்டும் நீக்கியிருக்கு."

இப்படியாக, நாவலடி இந்துக் கல்லூரிப் பழைய மாணவர் கழகத்தில் இருந்த ஒரேயொரு பழைய மாணவர் நீக்கப்பட்டார்.

பெடியன்கள் போகமாட்டோம் என்றுதான் நின்றார்கள். "நீ இல்லாமல் என்ன நாவலடி?" என்றான் நஸீர். இராசலிங்கம்தான், "போங்கோடா, தாயைக் கவனமாப் பாடுங்கோ," என்று அனுப்பிவைத்தார்.

வெட்கத்தை விட்டு, துவாரகனிடம் குணரத்தினத்தின் இலக்கத்தையும் கேட்டுப் பார்த்தார்.

"ஒருத்தரின்ர விபரத்தை இன்னொருத்தருக்குக் குடுக்க ஏலாது அண்ணை. டாற்றன்சுட்ஸ், தகவல் பாதுகாப்புச் சட்டம்."

ஜூலை முதலாம் சனிக்கிழமை காலையில் வழக்கம்போலவே எழும்பினார். வழக்கம்போலவே ரோல்ஸ் பொரித்தார். யாருக்கு என்று தெரியாமலே பத்துப் பொரித்துவிட்டார். வெள்ளைக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு எஸ்-பான் ரயிலில் ஏறி, பிறகு பஸ் பிடித்து, வருடாவருடம் மட்ச் நடந்த அந்த மைதானத்துக்குப் போனார். ஏன் போகிறார் என்று பஸ்ஸில் யாரும் கேட்கவில்லை.

மைதானத்தை நாய்ப் பயிற்சிக் குழுவொன்றுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆடுகளம் இருந்த இடத்தில் பன்னிரண்டு நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு பெண்மணி, "உட்கார், இரு!" என்று கத்திக்கொண்டிருந்தாள். இராசலிங்கம் வாங்கின் இடது பக்கத்தில் உட்கார்ந்தார். வலது பக்கம் வெறுமையாக இருந்தது. ரோல்ஸ் பெட்டியை அங்கே வைத்தார். பிறகு, அங்கே வைக்கக்கூடாது என்று தோன்ற எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பதினொரு மணியாயிற்று. பன்னிரண்டாயிற்று. குணரத்தினம் இந்நேரம் மேற்குப் பிரிவு ஆட்டம் நடக்கிற எசனில் ஒல்லாந்துக்காரருக்கு ஓட்டக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். யாரோ ஒல்லாந்துக்காரன் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பான். அதை நினைக்க இராசலிங்கத்துக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"நாவலடி ஆக்களுக்கு நாயளோடயே இந்த முறை மட்ச்?"

திரும்பிப் பார்த்தார். பனைமுனைத் தொப்பியும் தேத்தண்ணிப் பிளாஸ்குமாகக் குணரத்தினம் நின்றார். பின்னால் கார்ச் சாவியோடு ஓர் இளம்பெண்.

"என்ர மகள், யாமினி. காலமை நித்திரையால எழுப்பி ரெண்டரை மணித்தியாலம் கார் ஓட வைச்சிட்டன்."

"எசனில உமக்கு இண்டைக்கு மட்ச் எல்லே?"

"அவங்கள் கணக்கைக் கொம்பியூட்டரில எழுதுறாங்கள்," என்றபடி குணரத்தினம் வலது பக்கத்தில் உட்கார்ந்தார். "அதை விடும். எண்பத்தொண்டில நீர் அவுட்."

"அவுட் இல்லை!"

"முழு ஒரு அடி வெளியால."

"உமக்குக் கண்ணில என்ன, மண்ணே?"

நாய்களெல்லாம் ஒரே நேரத்தில் குரைத்தன. பயிற்சிப் பெண்மணி இவர்களைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். இருவரும் குரலைத் தாழ்த்தி, இன்னும் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். பத்து ரோல்ஸும் முடிந்தது.

குணரத்தினம் கழிப்பறைப் பக்கம் போனதும், இராசலிங்கம் கண்களைத் துடைத்துக்கொண்டு யாமினியைப் பார்த்தார்.

"பாத்தியளே பிள்ளை, அப்பாவுக்குப் பனைமுனையில இருக்கிற பற்றை! படிச்ச கல்லூரிக்காக இந்த வயசில இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்."

யாமினி கார்ச் சாவியைக் கையில் உருட்டினாள். தகப்பன் போன திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா பனைமுனையில படிக்கேல்லை அங்கிள், இஞ்ச மட்ச் தொடங்கின முதல் வருஷம் ஒரு ஆள் குறையுதெண்டு ஆரோ கூட்டிக்கொண்டு வந்தவையாம், அண்டைக்கு வீட்டை வந்து, 'இந்த நாட்டில என்னோட சண்டை பிடிக்கவாவது ஒரு மனிசன் கிடைச்சிட்டான்' எண்டு அம்மாட்டச் சொன்னவராம்."