சுவத்துப் பாட்டுல சுருதி கேட்டவரு

சுவத்துல வரைஞ்ச வாத்தியத்துல அபசுரம் கண்டுபிடிக்கிற ஜாதி ஒண்ணு இருக்குங்க. கலீஃபா புதுசா கட்டுற எங்க சாமர்ரா ஊருல அரண்மனை முளைக்கிற வேகத்துக்கு இதுவும் முளைக்குது. நான் சாந்து குழைக்கிறவன். எழுத்தைப் பார்த்தா எனக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியும். ஆனா இந்த ஜாதியை முதுகைப் பார்த்தே சொல்லிடுவேன். சுவத்துக்கு முன்னாடி வந்து நிப்பாரு, தலையை ஒருபக்கமா சாய்ப்பாரு, ஒரு கண்ணை மூடுவாரு, தாடியை மூணு தரம் உருவுவாரு, அப்புறம் ஒரு பெருமூச்சு விடுவாரு பாருங்க, அந்தக் காத்துலயே என் சாந்து பாதி காஞ்சிடும். கடைசியா "ம்ம்ம்"பாரு. அந்த ஒரு "ம்ம்ம்" முதுகுல விழுந்தா ஒட்டகம் மண்டி போட்டுடும்.

எங்களுக்கு வாய்ச்சவரு அபூ ஹஃப்ஸா. ஊத்-னு வீணை மாதிரி மடியில வச்சு மீட்டுற வாத்தியம், அதோட தந்தியைத் தொட்டதே இல்ல. தொட்டவங்க அத்தனை பேரையும் திருத்தியிருக்காரு.

அன்னைக்குத் தளபதி தோகான் வீட்டு விருந்துக் கூடத்துல கடைசிச் சுவரு. ரெண்டு பொண்ணுங்க கை கோத்து ஆடுறாங்க, பக்கத்துல ஒருத்தி ஊத் வாசிக்கிறா. சாயங்காலம் விருந்தாளி வர்றதுக்குள்ள முடியலேன்னா, ஓவியக்காரன் சர்ஜீஸுக்குச் செங்கல் சூளைதான். இதுக்கு முன்னாடி வரைஞ்சவன் அங்க இன்னும் மண்ணு மிதிச்சுக்கிட்டு இருக்கான். ஈரச் சாந்துல வச்ச வண்ணம் உள்ள இறங்கிடும், அழியாது. காஞ்ச சாந்துல ஒட்டாது. உயிரு போற அவசரம். அந்த நேரம் பார்த்து வந்தாரு, தளபதிக்கு வேண்டியவரான நம்ம அபூ ஹஃப்ஸா.

"ஏம்ப்பா சர்ஜீஸ், இவ என்ன வாசிக்கிறா?"

"ஊத் வாத்தியமுங்க ஐயா."

"அது தெரியாமயா கேக்குறேன்? என்ன மெட்டு?"

"படமுங்க. சத்தம் வராதுங்க."

"உனக்கு வராது. எனக்குக் கேக்குதே. இதுங்க ஆடுறது ஒண்ணு, அவ விரல் வாசிக்கிறது ஒண்ணு. பார்க்கவே காது வலிக்குது. அந்த மோதிர விரலை எடுத்துக் கீழ் தந்தியில வை."

"வச்ச விரலை எடுக்க முடியாதுங்க ஐயா. சாந்து குடிச்சிடுச்சு."

"அப்போ தளபதிகிட்ட என்ன சொல்லட்டும்? அபசுரத்தைக் கேட்டுக்கிட்டே சாப்பிடுங்கன்னா?"

சர்ஜீஸ் என்னைப் பார்த்தான். நான் சாந்தைப் பார்த்தேன். அது பாட்டுக்குக் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கீழ் தந்தியில புதுசா ஒரு விரலை வச்சுட்டு, பழசு மேல நீலத்தைப் பூசினான். அதுக்குள்ள சாந்து காஞ்சே போச்சு. நீலம் பொருக்குப் பொருக்கா உதிர்ந்துச்சு. எண்ணிப் பார்த்தா ஆறு விரல்.

தளபதி விருந்தாளிங்களோட வந்தாரு. அம்பை எண்ணிப் பழகின மனுசன், விரலை எண்ணாம விடுவாரா?

"ஏன்டா, இவளுக்கு ஆறு விரலா?"

சர்ஜீஸ் தூரிகையை முதுகுக்குப் பின்னாடி மறைச்சான். அபூ ஹஃப்ஸா முன்னாடி வந்தாரு. நான்தான் வைக்கச் சொன்னேன்னு சொல்லுவாருன்னு நினைச்சீங்களா? நல்லா நினைச்சீங்க போங்க.

"எசமான், இது ரொம்பப் பழைய மெட்டு. அஞ்சு விரல்ல அடங்காது. விஷயம் தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியும்."

அம்புட்டுதான். கூடத்துல இருந்த நாப்பது தலையும் ஒரே பக்கமா சாய்ஞ்சுது. நாப்பது "ம்ம்ம்". பாட்டுக்காரி துர்ரா மட்டும் தன் ஊத்தைக் கொண்டாந்து நீட்டினா.

"அந்த மெட்டைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன் ஐயா. கேட்டதே இல்ல."

"இன்னைக்கு மணிக்கட்டுல வாயுப் பிடிப்பும்மா."

"பாவம், இருக்கிறதே அஞ்சு விரல். அதுலயும் வாயுவா?"

யாரும் சிரிக்கல. சிரிச்சா விஷயம் தெரியாதவன்னு ஆயிடுமே. தளபதியும் மெதுவாத் தலையைச் சாய்ச்சாரு. சர்ஜீஸ் பிழைச்சான்.

அப்புறம் என்னாச்சுங்கிறீங்க? ஊருல இருக்கிற மாளிகைக்கெல்லாம் ஆறு விரல்காரிதான் வேணுமாம். ஒரு மவராசன் ஏழு கேட்டாரு. போன வாரம் ஒருத்தன் ஒழுங்கா அஞ்சு விரல் வரைஞ்சு வச்சான். அவனைச் சூளைக்கு அனுப்பிட்டாங்க.

சிரிக்கிறீங்க, சரி. அந்தக் கூடத்துல நாப்பத்தோராவது ஆளா நீங்க நின்னிருந்தா, "ஒரு விரல் ஜாஸ்தியா இருக்கே"ன்னு வாயைத் தொறந்திருப்பீங்களா? பொய் எதுக்கு, நானும் சாய்ச்சவன்தான். நீங்களும் இப்போ தலையை ஒருபக்கமா சாய்ச்சுக்கிட்டுத்தான் படிக்கிறீங்க. யாரும் பார்க்கிறதுக்குள்ள நிமிந்து உக்காருங்க.