வீட்டிலேயே ஒரு வரி ஆலோசனை நிலையம்

பெயிண்ட் கடையில் அவர் மேனேஜர். வீட்டில் அந்தப் பதவி காலியில்லை. கல்யாணமான அன்றே அதற்கு ஆள் போட்டாயிற்று.

அந்த ஆள், அதாவது அவர் மனைவி, இரண்டு வருஷம் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்புக்குப் போய் வரிச் சட்டம் படித்தாள். அந்த இரண்டு வருஷமும் மேனேஜர் சாப்பிட்டது ரொட்டி, முட்டை, மறுபடியும் ரொட்டி. நாக்கு செத்துப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹால் சோபாவில் போடும் குட்டித் தூக்கம் ஒன்றுதான் மிச்சமிருந்த சுகம். ஆகவே கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மனதுக்குள் ஒரு சபதம் எடுத்தார். வேலை கீலை என்று இவள் இனி வெளியே கிளம்பக் கூடாது. மூன்று வேளையும் சோறு சூடாக வர வேண்டும்.

அதை அப்படியே சொல்லும் தைரியம் அவர் வம்சத்திலேயே யாருக்கும் கிடையாது. சுற்றி வளைத்தார்.

"அடுத்து என்ன பண்றதா உத்தேசம்?"

"நிறைய வழி இருக்குங்க. வரித்துறைல அதிகாரியாகலாம்."

"ஐயய்யோ! ஊர் ஊரா மாத்துவாங்க. போற எடமெல்லாம் ஜனங்க சாபம் விடுவாங்க. உனக்கோ சளி உடம்பு."

"சாபத்துக்கும் சளிக்கும் என்ன சம்பந்தம்?"

"ஊர் மாறினா தண்ணி மாறும்ல?"

"சரி, பெரிய கம்பெனில வரிப் பிரிவு. நல்ல சம்பளம்."

"கணக்கு முடிக்கிற மாசம் வீட்டுக்கே விடமாட்டாங்க. எங்க கடை ஆடிட்டரைப் பாரு. பெத்த புள்ளையே அவரை அங்கிள்னு கூப்பிடுறான்."

"அப்போ கோர்ட்டுல வரி வழக்கு நடத்தறேன்."

"வேண்டவே வேண்டாம். எதிராளி பாவம்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. வீட்லயே ஒரு ஆலோசனை நிலையம் வெச்சுக்கயேன்! நாலு பேர் வருவாங்க. நாலு வார்த்தை சொல்லு. நடுநடுவுல அடுப்பையும் பாத்துக்கலாம்."

அவள் தலையை ஆட்டினாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் இந்த வாக்கியத்தை அவர் கேட்டதே இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். மனுஷன் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

"பின்னாடி பேச்சு மாறக் கூடாது" என்றாள் அவள்.

"நானா? சத்தியமா மாட்டேன்."

மறுநாள் காலையிலேயே போர்டு எழுதுகிறவன் பெயர்ப் பலகையைக் கொண்டுவந்து இறக்கினான்.

"நேத்துத்தான முடிவு பண்ணோம்? அதுக்குள்ள எப்படிப்பா எழுதினே?"

"போன மாசமே ஆர்டர் சார். 'வீட்டுக்காரர் தன் வாயால சொல்லட்டும், அப்புறமா கொண்டா'ன்னு அம்மா சொல்லியிருந்தாங்க."



ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரொட்டியைத் தின்றுவிட்டு ஹாலுக்கு வந்தார். யாருமில்லை. சோபாவில் காலை நீட்டினார்.

"எழுந்திருங்க."

"ஏன், ஆளே இல்லியே?"

"ஹாலைத் தொழிலுக்கு மட்டும்னு வரிக் கணக்குல காட்டியிருக்கேன். நாம குடுக்கற வாடகைல அந்தப் பங்கைச் செலவாக் கழிச்சா வரி குறையும். ஆனா வேற எதுக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. நீங்க குறட்டை விட்டா ஆபீஸ் மறுபடியும் வீடாயிடும்."

"ஒரு குட்டித் தூக்கம்மா."

"சட்டத்துல குட்டி, பெரிசு எல்லாம் இல்லைங்க."

"நல்ல சட்டம்! நான் பெட்ரூமுக்குப் போறேன்."

"அங்க எங்கம்மா படுத்திருக்காங்க. போன் எடுக்க ஒரு ஆள் வேணும்ல? இனிமே இங்கதான் இருப்பாங்க."

அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பேச்சு மாறமாட்டேன் என்று சத்தியம் வேறு செய்து தொலைத்திருந்தார்.

"வாடகை குடுக்கறவன் நான். எனக்குன்னு ஒரு எடம் கிடையாதா?"

"ஏன் கிடையாது? சமையலறையை நான் தொடவே இல்லை. அது பூரா வீடுதான். போய் உங்க வீட்ல இருங்க. அப்படியே ராத்திரிக்கு அரிசி களைஞ்சு வெச்சிடுங்க."