கருமாதி சாரின் பாடத்திட்டம்

செத்துப்போன பாடங்களுக்கு மாலை போட்டு வழியனுப்பிய வாத்தியார் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆரணிக் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் நெட்வொர்க் நடத்துபவர். பிள்ளைகள் வைத்த பெயர் கருமாதி சார். நான் கணக்கு வாத்தியார். எனக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது இங்கே வேண்டாம்.

உலகம் எப்போதோ தூக்கிப்போட்ட சமாச்சாரங்கள் எல்லாம் எங்கள் பாடத்திட்டத்தில் சௌக்கியமாக இருந்தன. பரீட்சையில் கேட்பார்கள் என்பதால் விடவும் முடியாது. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக்கட்டும் பழைய ஹப் பெட்டியை மேசைமேல் வைப்பார். மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்துவார். அது எப்படிப் பிறந்தது, எப்படி உழைத்தது, எதனால் போனது என்று ஒரு மணி நேரம் உருக்கமாகப் பேசுவார். பிறகு எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி.

"முடிஞ்சிச்சி. இனிமே உயிரோட இருக்கறவங்களப் பாப்போம்" என்று வைஃபைக்குத் தாவிவிடுவார். ஒருமுறை வாசனை பிடித்து வந்த பிரின்சிபால், செருப்பைக் கழற்றிவிட்டு வகுப்புக்குள் நுழைந்தார்.

ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் அவர் மாலை போடவில்லை. ஃப்ரேம் ரிலே. ஊர் ஊராக இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை இணைக்க ஒரு காலத்தில் இருந்த ஏற்பாடு. அதை வாரக்கணக்கில் நடத்துவார்.

"அதுவும் எப்பவோ போயிடுச்சே சார்?" என்று சீண்டினேன்.

பெரிய மீசையை நீவிக்கொண்டார். "இன்னும் இழுத்துகினு இருக்குதுங்க. அது எனக்கு அப்பா மாதிரி. எம்.இ. பண்ணது அதுல, வேலை கெடைச்சது அதுல, பொண்ணு குடுத்ததே அதப் பாத்துதான்."

சேவூர்ப் பெண் ஒருத்தி, வகுப்பில் முதல் ஆள், சென்னைக்கு இன்டர்வியூ போய்விட்டு வந்து ஸ்டாஃப் ரூமில் அவர் எதிரே நின்றாள்.

"கிளவுட் பத்திக் கேட்டாங்க சார், இப்ப எல்லாக் கம்பெனியும் அதுலதானாம். தெரியல. ஃப்ரேம் ரிலே நல்லாத் தெரியும்னேன். சிரிச்சிட்டாங்க. எங்க வீட்டுத் தறிக்கே கம்ப்யூட்டர் வந்துடுச்சி சார். நம்ம பாடத்துக்குத்தான் இன்னும் வரல."

அவர் டீயைத் தொடவில்லை. எனக்கும் அன்று கிண்டல் வரவில்லை.

அந்த வாரமே பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கும் கூட்டம் சென்னையில் நடந்தது. கருமாதி சாரும் போனார். திங்கட்கிழமை திரும்பி வந்தவரைப் பார்த்து ஸ்டாஃப் ரூமே எழுந்து நின்றது. தலை மொட்டை. மீசையும் இல்லை. பிரின்சிபால் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எப்ப சார் ஆச்சி? ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"வெள்ளிக்கிழமைங்க. ரொம்ப நாளா இழுத்துகினு இருந்திச்சி. நானே முடிச்சி வெச்சிட்டேன்."

பிரின்சிபால் கையை மெல்ல விட்டார். "எந்த ஆஸ்பத்திரி சார்?"

கூட்டத்தில் கிளவுட் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்களாம். எதை எடுப்பது என்றதும் பஸ் சீட்டில் துண்டு போட்ட மாதிரி ஆளுக்கொரு பாடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் நகரவில்லை. கடைசியில் இவர் எழுந்து, "என் ஃப்ரேம் ரிலேவை எடுத்துடுங்க" என்றிருக்கிறார். அதன் பிறகுதான் மற்றவர்களும் துண்டை எடுத்தார்களாம்.

புதுப் பாடத்திட்டம் அடுத்து வரும் பிள்ளைகளுக்குத்தான். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமையே ஃப்ரேம் ரிலேவுக்குக் காரியம் வைத்தார். சேவூர்ப் பெண்ணே மாலை வாங்கி வந்திருந்தாள். வேடிக்கை பார்க்க நானும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

ஹப்புக்கெல்லாம் மடமடவென்று பேசிய மனிதர், சொந்தப் பாடத்துக்கு நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். தட்டுத்தடுமாறி ஒரு மணி நேரம் பேசி முடித்தார். மௌனம் முடிந்ததும் போர்டைத் துடைத்துவிட்டு அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

"ஜல்தியா எழுதிக்கோம்மா. கிளவுட். அடுத்த இன்டர்வியூவுல யாரும் சிரிக்கக்கூடாது."

மீசை இல்லாத அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான் போயிருந்தேன். எழுந்து போய்க் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.